கொறங்காட்டுக் கொழுக்கட்டைப் புல்: இனம் பிரித்தறிய ஒரு முழுமையான வழிகாட்டி

காங்கேயம், தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில், கரூர் வட்டாரங்களில் கிளுவை வேலி கட்டி, உள்ளே வெள்வேல மரங்களை விட்டு, மழையை மட்டும் நம்பிக் காக்கப்படும் மேய்ச்சல் நிலம் கொறங்காடு. காங்கேயம் மாடும் அந்தப் பக்கத்துச் செம்மறியும் தலைமுறை தலைமுறையாக மேய்ந்து வளர்ந்த காடு அது. அங்கே மண்ணைப் பிடித்துக்கொண்டு, வறட்சியில் காய்ந்து, ஒரு மழைக்கே மறுபடி துளிர்க்கும் புல்லுக்குக் கொழுக்கட்டைப் புல் என்று பெயர். ஊர் அதை ஒரே பெயரால் அழைத்தாலும் ஒரே காட்டில் இரண்டு மூன்று வகை கலந்து நிற்பது வழக்கம். அவற்றோடு தோற்றத்தில் ஒத்துப்போகும் ஓராண்டுப் புற்களும் நுழைந்துவிடும்.

கொழுக்கட்டைப் புல்லில் முக்கியமானவை இரண்டு. அறிவியல் பெயரில் ஒன்று சென்க்ரஸ் சிலியாரிஸ், இன்னொன்று சென்க்ரஸ் செட்டிகெரஸ். சென்க்ரஸ் என்பது பேரினத்தின், அதாவது நெருங்கிய இனங்களின் கூட்டத்தின் பெயர். மூன்றாவதாக, கோவையில் பெயர் பெற்ற நீலக் கொழுக்கட்டை, அதாவது சென்க்ரஸ் கிளாக்கஸ். மூன்றும் பல்லாண்டுப் புற்கள். மூன்றையும் மாடு விரும்பித் தின்னும்.

அப்படியானால் ஏன் பிரிக்க வேண்டும்? சிலியாரிஸ் உயரமாக வளர்ந்து அதிகத் தீவனம் கொடுக்கும். செட்டிகெரஸ் குட்டை, அதன் விளைச்சல் குறைவு என்றாலும் மழை குறைந்த இடத்தையும் ஒட்ட மேய்வதையும் நன்றாகத் தாங்கும். சிலியாரிஸின் விதை முடியும் மயிருமாக ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கையிலிருந்து உதிராது. செட்டிகெரஸ் விதை கெட்டியாக இருப்பதால் தூவ எளிது. ராஜஸ்தானில் இந்த இரண்டையும் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஜோத்பூரிலுள்ள மத்திய வறண்ட நில ஆராய்ச்சி நிறுவனம் சிலியாரிஸிலிருந்து மார்வார் அஞ்சன் என்றும், செட்டிகெரஸிலிருந்து மார்வார் தாமன் என்றும் தனித்தனி ரகங்களை வெளியிட்டது. நம் பக்கத்தில் புல்விதை வாங்குபவர் "கொழுக்கட்டை விதை" என்று மட்டும் கேட்டு வாங்கி வருகிறார். காட்டில் எது முளைக்கிறது, எந்த மண்ணில் எது தங்குகிறது என்ற கணக்கு அதனால் யாரிடமும் இல்லாமல் போகிறது. எனக்கு இதில் மிகுந்த ஆதங்கம் உண்டு. கொறங்காடுகள் உழவுக்கும் மனைக்கும் போய்க்கொண்டிருக்கும் காலத்தில், மிச்சமிருக்கும் காட்டில் என்ன புல் நிற்கிறது என்றாவது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தேவையான பொருள்கள்

பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஒரு கைலென்ஸ், மில்லிமீட்டர் கோடு போட்ட ஸ்கேல், இரண்டு குண்டூசி, ஒரு வெள்ளைத் தாள். இவ்வளவு போதும். கைலென்ஸ் வாங்க முடியாதவர்கள் கைபேசி கேமராவில் குளோசப் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கலாம். பெரும்பாலான அடையாளங்கள் தெரிந்துவிடும். முடியிலுள்ள நுண்ணிய பற்கள் மட்டும் லென்ஸ் இல்லாமல் தெரியாது.

படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் செயலிகளைப் புல் விஷயத்தில் நம்ப வேண்டாம். இலையும் கதிரும் ஒருசேரத் தெரியும் படத்தைக் கொடுத்தால் "சென்க்ரஸ்" என்கிற அளவு வரைக்கும் அவை சரியாகச் சொல்லக்கூடும். அதற்கு மேல் பிரிக்கும் அடையாளம் முழுவதும் ஓர் அரிசி மணி அளவுள்ள உறுப்புக்குள் இருக்கிறது. அதைப் பிய்த்துப் பார்க்காமல் எந்தப் படமும் காட்டாது.

எப்போது போவது

மழை விழுந்து சில வாரங்களில் கொழுக்கட்டை கதிர் தள்ளிவிடும். கொங்குப் பகுதிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை என்பதால் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்கள் மிக வசதியானவை. சித்திரை, வைகாசியில் கோடைமழை கிடைத்த காட்டிலும் கதிர் பார்க்கலாம்.

பார்க்க வேண்டியது பால்பிடிக்கும் பருவத்துக்கும் உதிரும் பருவத்துக்கும் நடுவிலுள்ள கதிரை. இளங்கதிரில் முடிகள் இன்னும் மெத்தென்றிருக்கும், அடிப்பாகம் இறுகியிருக்காது. முற்றிய கதிரைத் தொட்டாலே கொத்துகள், அதாவது முடி சூழ்ந்த விதைகள், உதிர்ந்துவிடும், கையில் வெறும் தண்டுதான் மிஞ்சும். கதிரின் நுனியில் இரண்டு மூன்று கொத்துகள் உதிரத் தொடங்கிய பருவம் மிகச் சரியானது. ஒரு செடியில் ஒரு கதிர் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டாம். ஒரு காட்டில் தள்ளித் தள்ளி நிற்கும் பத்துத் தூர்களிலாவது கதிர் எடுங்கள்.

முதல் படி: இது சென்க்ரஸ்தானா?

கதிரைக் கையில் எடுத்து, அடியிலிருந்து நுனி நோக்கி மெல்ல உருவுங்கள். கொத்துகள் உதிர்ந்ததும் மிஞ்சிய தண்டைப் பாருங்கள்.

விதையோடு முடியும் சேர்ந்து உதிர்ந்து, தண்டு மொட்டையாக, லேசாக வளைந்து வளைந்து நின்றால் அது சென்க்ரஸ். விதை மட்டும் உதிர்ந்து முடிகள் தண்டிலேயே ஒட்டி நின்றால் அது செட்டேரியா, தினையின் உறவு. தோட்ட ஓரங்களிலும் நிழலிலும் வளர்ந்து வேட்டியில் கதிரோடு ஒட்டிக்கொள்ளும் செட்டேரியா வெர்டிசில்லேட்டாவைப் பலரும் கொழுக்கட்டை என்று நினைத்துவிடுவது உண்டு. உருவிப் பார்த்தால் அந்தக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். இந்த ஒரு சோதனைக்கு லென்ஸ்கூட வேண்டியதில்லை.

இந்த இடத்தில் பெயர்மாற்றம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கம்பும் நேப்பியர் புல்லும் நெடுங்காலமாக பென்னிசெட்டம் என்ற பேரினத்தில் இருந்தன. 2010இல் வெளிவந்த மரபணு ஆய்வு ஒன்று பென்னிசெட்டமும் சென்க்ரஸும் ஒரே குலம் என்று காட்டியது. அதற்குப் பிறகு பலரும் கம்பை சென்க்ரஸ் அமெரிக்கானஸ் என்றே எழுதுகிறார்கள். கொங்கு நாட்டின் கம்பும் கொழுக்கட்டையும் நெருங்கிய உறவுகள் என்று இப்போது தெரிகிறது. பழைய நூல்களில் கொழுக்கட்டைப் புல்லே பென்னிசெட்டம் சிலியாரே என்ற பெயரில் இருக்கும். வேறு புல் என்று எண்ணிக் குழம்ப வேண்டாம்.

பழைய பென்னிசெட்டம் கூட்டத்தில் நம் காட்டில் குழப்பக்கூடியது தீனாநாத் புல். அதன் கதிர் பஞ்சுபோல் உப்பி, இளஞ்சிவப்பும் வெள்ளையுமாக இருக்கும். முடிகள் அடிவரை தனித்தனியே பிரிந்தே நிற்கும். கொத்துக்குள் ஏதாவது ஒரு சிறுகதிருக்கு (பூவும் மணியும் உண்டாகும் சிறு உறுப்பு) தனிக் காம்பு இருக்கும். அது பெரும்பாலும் ஓராண்டுப் புல். அழகுக்காக வளர்க்கப்படும் ஆப்பிரிக்கப் புல்லான சென்க்ரஸ் செட்டேசியஸையும் பெயர் ஒலியை வைத்து செட்டிகெரஸ் என்று எழுதிவிடுகிறார்கள். இரண்டுக்கும் ஒட்டு உறவு இருந்தாலும் புல் வேறு.

இரண்டாம் படி: பல்லாண்டா, ஓராண்டா?

தூரை மண்ணோடு சேர்த்துத் தோண்டி எடுங்கள். கொழுக்கட்டையின் அடி முடிச்சு முடிச்சாக, கட்டை போல இறுகியிருக்கும். போன ஆண்டின் காய்ந்த தட்டையும் பழைய இலையுறையும் அதிலேயே ஒட்டியிருக்கும். ஈர மண்ணில்கூடக் கையால் பிடுங்குவது கடினம். ஓராண்டுப் புல் ஓர் இழுப்பில் வேரோடு வந்துவிடும். அடியில் பழசு எதுவும் இருக்காது.

விதைத்து முதல் ஆண்டு ஆகும் காட்டில் மட்டும் இந்தச் சோதனை ஏமாற்றும். பல்லாண்டுப் புல்லுக்கும் அந்த ஆண்டு பழைய தட்டை இருக்காதே. அங்கே நேரே அடுத்த படிக்குப் போய்விடலாம்.

மூன்றாம் படி: விரல் சோதனை

கதிரை ஒரு கையில் பிடித்து, மற்ற கையின் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் கதிரின் அடியிலிருந்து நுனிக்கு நகர்த்துங்கள். பிறகு நுனியிலிருந்து அடிக்கு.

கொழுக்கட்டை வகைகளில் முடியின் மேலுள்ள நுண்பற்கள் முடியின் நுனியைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். ஆகவே அடியிலிருந்து நுனிக்குப் போகும்போது விரல் வழுக்கும், திரும்பும்போது சொரசொரக்கும். சென்க்ரஸ் பைஃப்ளோரஸ் என்ற ஓராண்டுப் புல்லில் பற்கள் தலைகீழாக, முடியின் அடியைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். அடியிலிருந்து நுனிக்குப் போகும்போதே விரலைப் பிடிக்கும். மெல்லப் போகவில்லை என்றால் குத்தும். ஆட்டு ரோமத்திலும் துணியிலும் தொற்றிக்கொண்டு வருவது இதுதான். ராஜஸ்தானில் பஞ்ச காலத்தில் இதன் மணியை இடித்துத் தின்றிருக்கிறார்கள். ஆப்பிரிக்காவின் சஹேல் பகுதியிலும் அதே வழக்கம் உண்டு. அமெரிக்காவிலிருந்து வந்து பரவிவிட்ட சென்க்ரஸ் எகினேட்டஸும் இப்படிப் பின்முகப் பற்கள் கொண்ட முள்கொத்துப் புல்தான்; சாலையோரங்களிலும் மணற்பாங்கான தரிசுகளிலும் காணலாம்.

விரலை வழுக்கிவிடும் புல் மட்டும் நமக்கு மிச்சம். இனித்தான் உண்மையான வேலை.

நான்காம் படி: கொத்தைப் பிரித்துப் பார்ப்பது

கொழுக்கட்டையின் கதிர் பல கொத்துகள் நெருங்கி அமைந்தது. ஒவ்வொரு கொத்திலும் நடுவில் ஒன்று முதல் சில சிறுகதிர்கள் இருக்கும். அவற்றைச் சூழ்ந்து முடிகள் நிற்கும். இந்த முடிகள் உண்மையில் வளராமல் நின்றுபோன கிளைகள். அவை இரண்டு அடுக்கு. வெளியடுக்கு முடிகள் மெல்லியவை. உள்ளடுக்கு முடிகள் தடித்தவை, அடியில் ஒன்றோடொன்று ஒட்டியவை. அந்த ஒட்டு எவ்வளவு உயரம் ஏறுகிறது என்பதுதான் சிலியாரிஸையும் செட்டிகெரஸையும் பிரிக்கிறது.

கதிரின் நடுப்பகுதியிலிருந்து ஒரு கொத்தைப் பறித்து வெள்ளைத் தாளில் வையுங்கள். நுனிக் கொத்தும் அடிக் கொத்தும் சரியாக வளர்ந்திருக்காது, நம்ப முடியாது. ஒரு குண்டூசியால் கொத்தை அழுத்திப் பிடித்து, இன்னொன்றால் வெளியடுக்கு முடிகளை ஒதுக்கி விடுங்கள். பிறகு உள்ளடுக்கின் அடியை லென்ஸில் பாருங்கள்.

சிலியாரிஸில் உள்முடிகள் மிக அடியில் மட்டும் இணைந்து ஒரு சிறு தட்டுப்போல் இருக்கும். அந்தத் தட்டின் அகலம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டரிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர். அதற்கு மேல் ஒவ்வொரு முடியும் தனி. ஊசியால் தட்டினால் முடிகள் எளிதாக விலகி நாலாபக்கமும் விரியும். உள்முடிகளின் கீழ்ப்பாகத்தில் இருபுறமும் மெல்லிய வெள்ளை மயிர்கள் வரிசையாக நிற்பதையும் பார்க்கலாம். முடிகள் நீளமானவை, 6 முதல் 16 மில்லிமீட்டர் வரை, நெளிந்து வளைந்திருக்கும். அவற்றில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட நீண்டு தடித்துத் தனியே துருத்திக்கொண்டிருக்கும். இந்த ஒற்றை நீள முடியை எனக்கு மிகவும் பிடிக்கும். கதிரை வெயிலுக்கு எதிராகத் தூக்கிப் பிடித்தால் ஒவ்வொரு கொத்திலிருந்தும் ஒன்று வெளியே நீண்டிருப்பது தெளிவாகத் தெரியும். வெளியடுக்கில் நூல்போன்ற முடிகள் ஏராளம். அதனால்தான் சிலியாரிஸின் கதிர் மொத்தமும் பூனைவால் போல மெத்தென்றிருக்கிறது.

செட்டிகெரஸில் உள்முடிகள் தட்டையாக, பட்டையாக, விறைப்பாக இருக்கும். அவை தங்கள் நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை ஒன்றோடொன்று ஒட்டி ஒரு கெட்டியான கிண்ணம் ஆகிவிடும். கிண்ணத்தின் விளிம்பிலிருந்து முடிகளின் நுனிகள் நேராக, பல்வரிசை போல எழும். மயிர் கிடையாது, அல்லது இருந்தும் தெரியாத அளவு குறைவு. ஊசியால் தட்டினாலும் விரியாது. உடைத்தால்தான் உள்ளே சிறுகதிர் தெரியும். வெளியடுக்கு முடிகள் சிலவே, குட்டையானவை. சில கொத்துகளில் அறவே இருக்காது. துருத்தும் ஒற்றை நீள முடியும் இல்லை. கொத்து முழுவதுமே 7 மில்லிமீட்டரைத் தாண்டுவது அரிது. ஆகவே கதிரைத் தூரத்திலிருந்து பார்க்கும்போது ஒவ்வொரு கொத்தின் உருவமும் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியும். சிலியாரிஸில் எல்லாம் முடிக்குள் மறைந்துவிடும்.

இதைப் பழகிக்கொள்ள எளிய வழி ஒன்று இருக்கிறது. இரண்டு வகையிலிருந்தும் பத்துப் பத்துக் கொத்துகளை ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக விரல்நுனியால் உருட்டிப் பாருங்கள். சிலியாரிஸ் நசுங்கும். செட்டிகெரஸ் மணிபோல் உருளும். கை பழகிவிட்டால் காட்டில் நடந்துகொண்டே, கதிரைப் பறிக்காமல், தொட்டுப் பார்த்தே சொல்லிவிடலாம். மாடு மேய்க்கும் பெரியவர்கள் பலர் இதை இப்படித்தான் அறிந்து வைத்திருக்கிறார்கள். பெயர் அவர்களுக்கு முக்கியமில்லை. எந்தப் புல் எந்த மேட்டில் நிற்கும் என்பது தெரியும். அவர்களோடு ஒருநாள் காட்டில் நடந்தால் லென்ஸ் கற்றுத் தராததும் கிடைக்கும்.

குஜராத், ராஜஸ்தான் பக்கம் போகிறவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். அங்கே சென்க்ரஸ் பென்னிசெட்டிஃபார்மிஸ் என்ற புல் உண்டு. அதன் கொத்தில் செட்டிகெரஸ் போலக் கிண்ணமும் இருக்கும், சிலியாரிஸ் போல மயிரும் இருக்கும். ஒட்டியிருக்கும் பகுதியின் உயரம் ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர். கிண்ணமும் மயிரும் சேர்ந்திருந்தால் இந்தப் பெயரை யோசியுங்கள்.

நீலக் கொழுக்கட்டை

கோவை வேளாண் கல்லூரியைச் சேர்ந்த முதலியாரும் சுந்தரராஜும் இதை சென்க்ரஸ் கிளாக்கஸ் என்று தனி இனமாக விவரித்தார்கள். பின்னாளில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கோ 1 என்ற பெயரில் நீலக் கொழுக்கட்டை ரகத்தை வெளியிட்டது. கொங்கிலும் தெற்கிலும் மானாவாரி மேய்ச்சல் நிலத்துக்குப் பரிந்துரைக்கப்படுவது பெரும்பாலும் இதுதான்.

அடையாளம் இலையில் தொடங்குகிறது. இலையின் மேல் நீலம் கலந்த சாம்பல் நிறப் பூச்சு ஒன்று படிந்திருக்கும். கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தால் பூச்சு அழிந்து கீழே பச்சை தெரியும். காலையில், பனி காய்ந்த பிறகு, சூரியனை முதுகில் வைத்துக்கொண்டு காட்டைப் பார்த்தால் நீலத் தூர்கள் தனித்துத் தெரியும். கொத்தைப் பிரித்தால் சிலியாரிஸின் அமைப்பே இருக்கும்: அடியில் மட்டும் ஒட்டு, மயிர் கொண்ட உள்முடி.

தாவரவியலாளர்களிடையே இதில் ஒருமித்த கருத்து இல்லை. தனி இனம் என்பவர்களும் உண்டு, சிலியாரிஸுக்குள் அடங்கும் ஒரு வடிவம் என்பவர்களும் உண்டு. என் கருத்து இரண்டாவது பக்கம் சாய்கிறது. கொத்தின் அமைப்பில் அடிப்படை வேறுபாடு இல்லாதபோது இலைப்பூச்சை மட்டும் வைத்து இனம் பிரிப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. ஆனால் குறிப்பேட்டில் எழுதும்போது "நீலக் கொழுக்கட்டை" என்று தனியாகவே எழுதுங்கள். விவசாயிக்கு அது வேறு ரகம். அந்தத் தகவலை இழக்கக் கூடாது.

நிறத்தையும் உயரத்தையும் ஏன் நம்பக் கூடாது

ஒரு காட்டில் கதிர் முழுக்கக் கருஞ்சிவப்பு. வேலி தாண்டிய காட்டில் முழுக்க வைக்கோல் நிறம். ஒன்றில் இடுப்பளவு, மற்றதில் முழங்காலளவு. இரண்டும் வேறு வேறு புல் என்று யாருக்கும் தோன்றும். கொத்தைப் பிரித்தால் இரண்டுமே சிலியாரிஸ்.

இதற்குக் காரணம் இந்தப் புல் விதை வைக்கும் முறை. சிலியாரிஸ் பெரும்பாலும் கருவுறாமலேயே விதை வைக்கும். மகரந்தத்தின் மரபுக்கூறு கருவில் சேராது. விதையிலிருந்து முளைக்கும் செடி தாய்ச்செடியின் நகலாகவே இருக்கும். செட்டிகெரஸும் இப்படித்தான். ஒரு தூரிலிருந்து எடுத்த விதையை ஒரு காடு முழுக்கத் தூவினால் காடு முழுக்க அதே நிறம், அதே உயரம், அதே காலத்தில் கதிர். பக்கத்துக் காட்டுக்காரர் வேறு இடத்து விதையைக் கொண்டுவந்திருப்பார். அங்கே வேறொரு நகல் வரிசை. ஓர் இனத்துக்குள்ளேயே இப்படிப் பல வடிவங்கள் மாறாமல் நிலைத்து நிற்கின்றன. உண்மையான பாலினப் பெருக்கம் கொண்ட ஒரு செடி அமெரிக்காவின் டெக்சாஸில் கிடைத்து 1962இல் அறிவிக்கப்பட்ட பிறகே இதில் கலப்பினம் உருவாக்க வழி திறந்தது.

ஒரு காடு முழுக்க ஒரே மாதிரி இருப்பதோ, அடுத்த காடு வேறு மாதிரி இருப்பதோ இனத்தைப் பற்றி எதையும் சொல்லாது. மண்ணும் மேய்ச்சலும் உயரத்தை மாற்றும். சுக்கான் கல் நிறைந்த மேட்டில் ஒட்ட மேய்ந்த சிலியாரிஸ், பள்ளத்தில் மேயாமல் விட்ட செட்டிகெரஸைவிடக் குட்டையாக நிற்கும். புல்லைப் பற்றிய தவறான குறிப்புகளில் பெரும்பாலானவை நிறத்தையும் உயரத்தையும் பார்த்து எழுதப்பட்டவை.

இரண்டுக்கும் நடுவில் நிற்கும் செடிகள்

எப்போதாவது ஒரு செடி பிடிகொடுக்காது. ஒட்டு அடியில் மட்டும் என்றும் சொல்ல முடியாது, கிண்ணம் என்றும் சொல்ல முடியாது. மயிர் கொஞ்சம் இருக்கும். முடிகள் விறைப்பாகவும் இருக்கும், ஒன்று நீண்டும் இருக்கும். சிலியாரிஸும் செட்டிகெரஸும் நெருங்கியவை. இரண்டுக்கும் பெரும்பாலும் 36 குரோமோசோம்கள். விதை கருவுறாமல் வைத்தாலும் மகரந்தம் வளமானதே. அரிதாகப் பாலினச் செடி ஒன்று இருந்தால் கலப்பு நடக்க இடமுண்டு. அப்படி உண்டான ஒரே ஒரு செடிகூடத் தன்னைத்தானே நகலெடுத்துப் பரவிவிடும்.

அப்படிப்பட்ட செடியை வலிந்து ஒரு பெயருக்குள் அடைக்காதீர்கள். குறைந்தது ஐந்து கதிரிலிருந்து கொத்துகளைப் பிரித்து, ஒட்டின் உயரத்தையும் மொத்த முடியின் நீளத்தையும் அளந்து எழுதி வையுங்கள். "சிலியாரிஸ், செட்டிகெரஸ் இரண்டுக்கும் இடைப்பட்டது" என்ற குறிப்பு, தவறாகச் சூட்டிய பெயரைவிடப் பல மடங்கு பயனுள்ளது.

கதிர் இல்லாத காலத்தில்

நேர்மையாகச் சொல்வதென்றால், கதிர் இல்லாமல் சிலியாரிஸையும் செட்டிகெரஸையும் உறுதியாகப் பிரிக்க முடியாது. இரண்டிலும் இலையும் இலையுறையும் சேரும் இடத்தில் சவ்வுக்குப் பதில் மயிர்வரிசை இருக்கும். அதை வைத்து வேறு சில புற்களை விலக்கலாம், இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. செட்டிகெரஸின் இலை பொதுவாகக் குறுகலானது, பெரும்பாலும் 7 மில்லிமீட்டருக்குள். சிலியாரிஸின் இலை 13 மில்லிமீட்டர் வரை போகும். ஆனால் வறட்சியில் சிலியாரிஸின் இலையும் 3, 4 மில்லிமீட்டருக்குச் சுருங்கிவிடும். அகன்ற இலையைப் பார்த்தால் சிலியாரிஸ் என்று ஓரளவு சொல்லலாம்; குறுகிய இலையைப் பார்த்து எதுவும் சொல்ல இயலாது.

தூரின் அடியில் மண்ணைக் கிளறிப் பாருங்கள். போன பருவத்தில் உதிர்ந்த பழைய கொத்துகள் கிடைக்கக்கூடும். செட்டிகெரஸின் கிண்ணம் கெட்டியானது என்பதால் மட்கத் தாமதமாகும், மழைக்குப் பிறகும் அடையாளம் தெரியும். எந்தத் தூரிலிருந்து உதிர்ந்தது என்பது உறுதியில்லை என்றாலும் அந்தக் காட்டில் அந்த வகை இருக்கிறது என்பதாவது தெரிந்துவிடும். மற்றபடி, அடுத்த மழைக்குக் காத்திருங்கள். தூருக்கு ஒரு குச்சி நட்டுக் கயிறு கட்டிவிட்டு, கதிர் தள்ளியதும் வந்து பாருங்கள்.

மாதிரி எடுத்து வைப்பது

வேர், தூர், இலை, கதிர் நான்கும் ஒரே செடியில் இருக்கும்படி எடுங்கள். புல் நீளமாக இருந்தால் இரண்டு மூன்றாக மடித்துப் பழைய செய்தித்தாளுக்குள் வைத்து மேலே கனம் ஏற்றுங்கள். முதல் சில நாட்கள் தாளைத் தினமும் மாற்றினால் பூசணம் பிடிக்காது. கதிர் காயும்போது கொத்துகள் உதிரும் என்பதால் தனியாக ஒரு காகித உறையில் பத்து இருபது கொத்துகளைப் போட்டு அதே தாளில் ஒட்டிவிடுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம், ஈரம் தங்கும்.

சீட்டில் ஊர், வட்டம், காட்டின் மண், மேடா பள்ளமா, மேய்ச்சல் உண்டா, தேதி, இலையின் நிறம், கதிரின் நிறம் எல்லாம் எழுதுங்கள். காய்ந்த பிறகு நிறம் போய்விடும், நீலப்பூச்சும் தெரியாமல் போகும். சந்தேகம் தீரவில்லை என்றால் கோவையிலுள்ள மெட்ராஸ் ஹெர்பேரியத்திலும் திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியத்திலும் தமிழ்நாட்டுப் புற்களின் உலர் மாதிரிகள் இருக்கின்றன. உங்கள் மாதிரியோடு போய் அருகில் வைத்து ஒப்பிடுவதைப் போல நல்ல பாடம் வேறில்லை.

விதை வாங்கும்போது

இந்தப் பழக்கம் உடனே கைகொடுக்கும் இடம் விதை வாங்குமிடம். மூட்டையின் மேல், நடு, அடி மூன்றிலிருந்தும் ஒரு பிடி எடுங்கள். கொழுக்கட்டை விதை என்று விற்பது உதிர்ந்த முழுக் கொத்துதான். ஆகவே மேலே சொன்ன அடையாளங்கள் அத்தனையும் அதில் அப்படியே இருக்கும். ஐம்பது கொத்துகளை எண்ணித் தாளில் பரப்பி, நசுங்குவது ஒரு பக்கம், உருளுவது ஒரு பக்கம் என்று பிரியுங்கள். விரலைக் குத்தும் பைஃப்ளோரஸ் கொத்துகளைத் தனியே ஒதுக்குங்கள். அவை நாலைந்து இருந்தால்கூட அந்த மூட்டையை வாங்காதீர்கள். ஆடு இருக்கும் காட்டில் அது நுழைந்தால் ரோமத்தோடு அடுத்த காட்டுக்கும் போய்விடும்.

பிறகு பத்துக் கொத்துகளை நகத்தால் பிளந்து உள்ளே மணி இருக்கிறதா என்று பாருங்கள். வெளியே நன்றாக இருந்தும் உள்ளே காலியாக இருக்கும் கொத்துகள் இந்தப் புல்லில் நிறைய. அந்தப் பருவத்தில் அறுத்த புதுவிதை என்றால் உடனே விதைக்காதீர்கள். கொழுக்கட்டை விதைக்குச் சில மாத உறக்கம் உண்டு. ஐப்பசி மழைக்கு விதைக்க நினைப்பவர் அதற்கு முந்தைய பருவத்து விதையைக் கேட்டு வாங்க வேண்டும். சிலியாரிஸ் என்றால் ஈர மணலோடு கலந்து தூவுங்கள், பின்னிய கொத்துகள் பிரிந்து விழும். செட்டிகெரஸுக்கு அந்த வேலை இல்லை. ஆழமாக மூட வேண்டாம், மேல்மண்ணைக் கிளறி மெல்ல மூடினால் போதும். எந்த மூட்டையிலிருந்து எந்தப் பக்கம் விதைத்தீர்கள் என்பதைக் காட்டின் வரைபடத்தில் குறித்துவிட்டு, மூட்டைக்கு ஒரு காகித உறை வீதம் சில கொத்துகளை எடுத்து வையுங்கள். முதல் கதிர் வந்ததும் அதோடு ஒப்பிட வேண்டியிருக்கும்.